உள்ளே போன போல்ட் எல்லாம் பொருந்தின போல்ட் இல்லை

பழைய காரைப் புதுசாக்குற வீடியோக்களைக் கவனிச்சுப் பாருங்க. பெயிண்ட் அடிக்கிறது பத்து நிமிஷம் வரும். குரோம் பம்பர் மின்னுறது ஸ்லோமோஷன்ல வரும். சீட் தையலுக்குத் தனியா ஒரு பாட்டு. ஆனா எஞ்சினைப் பூட்டுற இடம் மட்டும் ஃபாஸ்ட் ஃபார்வேர்டுல ஓடிடும். என்ன போல்ட் போட்டாங்க, எங்கே வாங்கினாங்க, எவ்வளவு இறுக்கினாங்க? யாரும் சொல்றதில்லை. கமெண்ட்லயும் யாரும் கேக்குறதில்லை.

பெயிண்ட் கெட்டா மறுபடி அடிக்கலாம். கனெக்டிங் ராடு போல்ட் ஒண்ணு ஓட்டத்துல அறுந்தா, அந்த ராடு பிளாக்கைக் குத்திக்கிட்டு வெளியே வரும். ஐம்பது அறுபது வருஷம் முன்னாடி வார்த்த அந்த பிளாக்கை இன்னைக்கு யாரும் வார்க்குறதில்லை. சில நூறு ரூபாய் சாமானுக்காக, திரும்பக் கிடைக்காத ஒரு எஞ்சினைப் பலி கொடுக்கிறோம். அதனாலதான் சொல்றேன்: பழைய எஞ்சினுக்கு போல்ட் வாங்குறது கடைக்குப் போற வேலை இல்லை, அது ஒரு பொறியியல் முடிவு. பொறியியல் படிக்கிற நாம அதை "அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்"னு விடக் கூடாது.

எண்ணூர் கார், இன்ச் கணக்கு

இதை வடசென்னையிலிருந்து எழுதுறதுக்குக் காரணம் இருக்கு. எண்ணூர்னா நமக்கு அசோக் லேலண்ட் லாரி, பஸ்தான் ஞாபகம் வரும். ஆனா அந்தக் கம்பெனி ஆரம்பிச்சது காரில். 1948 செப்டம்பர் 7-ல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1949-ல் எண்ணூரில் ஆஸ்டின் ஏ40 கார்களைப் பூட்டி வெளியே விட்டது. லேலண்ட் கூட்டுக்குப் பிறகு, 1955-ல்தான் அது அசோக் லேலண்ட் ஆச்சு. அதே 1955-ல் பக்கத்துத் திருவொற்றியூரில் என்ஃபீல்டு இந்தியா, புல்லட்டுக்காகத் தொடங்கப்பட்டது. நகரத்தோட இன்னொரு முனையில், வண்டலூர் பக்கம், ஸ்டாண்டர்டு மோட்டார்ஸ் 1961-லிருந்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார்களைச் செய்தது. 948 சிசி எஞ்சின். இன்னைக்கும் சென்னையில் கவர் போட்டு மூடி வெச்சிருக்கிற பழைய கார்களில் ஹெரால்டைப் பார்க்கலாம்.

இந்த மூணுமே இங்கிலாந்து வரைபடத்தில் பிறந்தவை. மூணுமே இன்ச் கணக்கு. ஆனா நாடு 1950-களின் கடைசியிலயே மெட்ரிக் முறைக்கு மாறத் தொடங்கிடுச்சு. அதனால ஹெரால்டு மாதிரி வண்டிகள் மெட்ரிக் நாட்டில் இன்ச் போல்ட்டோட ஓடுச்சு. நம்ம லேப்ல இருக்கிற டப்பாவிலும், தெருமுனை ஹார்டுவேர் கடையிலும் இருக்கிறது பெரும்பாலும் மெட்ரிக். வண்டியில் இருக்கிறது இன்ச். பிரச்சினை இங்கேதான் ஆரம்பிக்குது.

மூணு நூல்னா எந்த மூணு நூல்?

பட்டறையில் யாரும் "3/8 இன்ச்"னு சொல்ல மாட்டாங்க. "மூணு நூல் போல்ட்"னு சொல்வாங்க. ஒரு இன்ச்சுக்கு எட்டு நூல். அப்போ மூணு நூல்னா 3/8. ரெண்டரை நூல்னா 5/16. இதைக் கேட்டு காலேஜ் பசங்க சிரிக்கிறதை நான் பார்த்திருக்கேன். சிரிக்க ஒண்ணும் இல்லை. துல்லியமான அளவுதான் அது.

ஆனா அது விட்டத்தை மட்டும்தான் சொல்லுது, மரையைச் சொல்லலை. மூணு நூல் போல்ட்டிலேயே பல வகை இருக்கு. விட்வொர்த்தில் இன்ச்சுக்கு 16 மரை. யூ.என்.சி.யிலும் 16. பி.எஸ்.எஃப்.ல 20. யூ.என்.எஃப்.ல 24. நாலும் ஒரே தடிமன், தூரத்திலிருந்து பார்த்தா ஒரே போல்ட்.

24 மரை ஓட்டையில் 20 மரை போல்ட்டைத் திருகினா என்ன ஆகும்? முதல் ஒண்ணு ரெண்டு சுத்து விரலாலேயே போகும். "போகுதே!"ன்னு சந்தோஷம் வரும். ஆனா கால் இன்ச் நீளத்துக்குள்ள ஒண்ணுக்கு 6 மரை, இன்னொண்ணுக்கு 5 மரை. கால் இன்ச்சுக்குள்ள ஒரு முழு மரை வித்தியாசம். அதனால சீக்கிரமே பிடிக்கும். அந்த இடத்தில் ஸ்பேனரை மாட்டி ஒரு தம் போட்டா போல்ட் உள்ளே போகத்தான் செய்யும், பிளாக்கோட மரையை அரைச்சுக்கிட்டு. அதுக்கப்புறம் எந்த நல்ல போல்ட்டும் அங்கே பிடிக்காது. நம்ம ஊரில் ஒருத்தனைத் திட்டணும்னா "மரை கழண்ட கேஸு"ன்னு சொல்றோம். எஞ்சினுக்கு அது வெறும் திட்டு இல்லை.

விட்வொர்த்தும் யூ.என்.சி.யும் இதைவிட ஏமாத்தும். ரெண்டுக்கும் 16 மரைதான், ஆனா கோணம் வேற. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் 1841-ல் முன்வெச்ச மரைக்கு 55 டிகிரி. அமெரிக்காவில் வில்லியம் செல்லர்ஸ் 1864-ல் சொன்னது 60 டிகிரி. ரெண்டாம் உலகப் போரில் ரெண்டு நாடும் ஒரே பக்கம் நின்னு சண்டை போட்டாங்க, ஆனா ஒருத்தர் போல்ட் இன்னொருத்தர் நட்டில் சரியா உட்காரலை. அந்தத் தலைவலிக்குப் பிறகுதான் 1948 நவம்பர் 18-ல் அமெரிக்கா, பிரிட்டன், கனடா மூணும் வாஷிங்டனில் கையெழுத்துப் போட்டு 60 டிகிரி பொது மரையை ஏத்துக்கிட்டாங்க. யூ.என்.எஃப்., யூ.என்.சி. ரெண்டும் அந்த ஒப்பந்தத்தோட பிள்ளைகள்.

தேதியைக் கவனிச்சீங்களா? எண்ணூர் கம்பெனி பிறந்து ரெண்டே மாசம். அதாவது நம்ம பழைய கார்கள், பிரிட்டிஷ் தொழிற்சாலைகள் ஒரு மரையிலிருந்து இன்னொண்ணுக்கு மாறிக்கிட்டிருந்த காலத்தைச் சேர்ந்தவை. ஒரே வண்டியில் ஒரு பாகம் பழைய மரை, இன்னொரு பாகம் புது மரைன்னு இருக்கலாம். மின்சார பாகங்களில் பி.ஏ.ன்னு இன்னொரு குட்டி மரை வேற. அந்தக் காலத்து சில மோரிஸ், எம்.ஜி. எஞ்சின்களில் இன்னும் பெரிய கூத்து: மரை மெட்ரிக், போல்ட் தலை விட்வொர்த் ஸ்பேனருக்கான அளவு! பிரெஞ்சு ஹாட்ச்கிஸ் கம்பெனியோட கவென்ட்ரி தொழிற்சாலையை 1923-ல் மோரிஸ் வாங்கினப்போ வந்த மரபு அது. பிரெஞ்சு மெஷின் மெட்ரிக் மரை வெட்டும், இங்கிலாந்து மெக்கானிக் கையில விட்வொர்த் ஸ்பேனர் இருக்கும். ரெண்டு பேருக்கும் நடுவுல ஒரு சமரசம்.

அதனால "இது 1950 மாடல், அப்போ இந்த மரைதான்"னு வருஷத்தை வெச்சு முடிவு பண்ணாதீங்க. அளந்து பாருங்க.

கடைக்குப் போறதுக்கு முன்னாடி

பாரிமுனைக்குப் போனா, செம்புதாஸ் தெரு பக்கம், போல்ட் நட் விக்கிறதையே தொழிலா வெச்சிருக்கிற கடைகள் இருக்கு. கடைக்காரர் முதல்ல கேக்குறது, "இன்னா மரை தம்பி? இன்னா நீளம்? எத்தினி வேணும்?" பதில் தெரியாம பழைய போல்ட்டை நீட்டி "இதே மாதிரி குடுங்கண்ணா"ன்னா, அவர் அதே மாதிரி இருக்கிறதைக் குடுப்பார். அது அவர் தப்பு இல்லை. கேள்வி சரியா இருந்தாதான் பதில் சரியா வரும்.

போறதுக்கு முன்னாடி மூணு விஷயம் கையில இருக்கணும். ஒண்ணு, வெர்னியரில் அளந்த விட்டமும் நீளமும். ரெண்டு, பிட்ச் கேஜ் வெச்சுப் பார்த்த மரை எண்ணிக்கையும் கோணமும். 55 டிகிரிக்கும் 60-க்கும் கேஜ் இலை வேற வேற. மூணு, அந்த போல்ட் எந்த இடத்துது என்கிற தகவல். மூணாவதைத்தான் எல்லாரும் மறப்பாங்க. கழட்டுறப்போவே ஒரு அட்டையில் எஞ்சின் படம் வரைஞ்சு, ஓட்டை போட்டு, ஒவ்வொரு போல்ட்டையும் அதோட இடத்தில் குத்தி வைங்க. எல்லாத்தையும் ஒரே பெயிண்ட் டப்பாவில் கொட்டினா அப்புறம் யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

ஸ்டட்டுன்னா இன்னொரு கவனம். பல எஞ்சின்களில் ஸ்டட்டோட ரெண்டு முனையும் ஒரே மரை இல்லை. வார்ப்பிரும்பு பிளாக்குக்குள்ள போற முனை கரடு மரை, நட் வர்ற முனை நைஸ் மரை. ஒரு முனையை மட்டும் அளந்துட்டுக் கடைக்குப் போனா பாதிப் பதிலோடதான் போறீங்க.

கணக்கு போட்டுப் பாருங்க

மரை பொருந்தியாச்சு. அடுத்தது பலம். தலையில் 8.8-ன்னு இருந்தா இழுவிசைத் தாங்கும் திறன் 800 மெகாபாஸ்கல், அதில் 80 சதவீதத்தில், அதாவது 640-ல், நிரந்தரமா நீள ஆரம்பிக்கும். இன்ச் போல்ட்டில் எண் இருக்காது, கோடு இருக்கும். மூணு கோடுன்னா கிரேடு 5, ஆறு கோடுன்னா கிரேடு 8. ஒண்ணுமே இல்லாத கேட்டு, கிரில் போல்ட் பெரும்பாலும் 4.6 ரகம். அது 240 மெகாபாஸ்கலிலேயே நீள ஆரம்பிக்கும்.

இரண்டாம் வருஷம் படிச்ச சூத்திரம்தான்: டார்க் = கே × விட்டம் × பிடிப்பு விசை. கணக்குக்காக ஒரு 3/8 யூ.என்.எஃப். போல்ட்டை 60 நியூட்டன் மீட்டரில் இறுக்குறோம்னு வைப்போம். காய்ந்த மரைக்கு கே 0.2-ன்னு எடுத்தா பிடிப்பு விசை சுமார் 31,500 நியூட்டன். மூணு டன்னுக்கு மேல! அந்த போல்ட்டோட இழுவிசைப் பரப்பு சுமார் 56.6 சதுர மில்லிமீட்டர். கேட்டு போல்ட் 13,600 நியூட்டனிலேயே நீள ஆரம்பிச்சிடும், பாதி கூடத் தாங்காது. கிரேடு 5 கிட்டத்தட்ட 36,000 வரை தாங்கும். பரவாயில்லை.

இப்போ அதே மரையில் எண்ணெய் தடவுங்க. கே 0.15-ன்னு குறையும். அதே 60 நியூட்டன் மீட்டருக்குப் பிடிப்பு விசை 42,000. கிரேடு 5 போல்ட்டும் நீண்டு போச்சு! டார்க் ரெஞ்ச் "டிக்"ன்னு சரியாத்தான் அடிச்சது. ஆனா முடிவு தப்பு. ஏன்னா நாம குடுக்கிற டார்க்கில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுக்குது, மீதி எல்லாம் உராய்வுக்கே போகுது. அதனால மேனுவல்ல இருக்கிற எண்ணை மட்டும் எடுத்தா போதாது. அது எண்ணெய் போட்ட மரைக்கா, காய்ந்த மரைக்கான்னும் படிக்கணும்.

"அப்போ கொஞ்சம் லூசாவே விட்டுடலாமே?" அதுவும் ஆபத்து. ராடு போல்ட்டை எடுத்துக்குங்க. எஞ்சின் நிமிஷத்துக்கு 4,000 சுத்து ஓடினா, ஒவ்வொரு சுத்திலும் பிஸ்டன் மேலே போய்த் திரும்புறப்போ அந்த போல்ட்டை ஒரு இழு இழுக்கும். மூட்டு இறுக்கமா இருந்தா அந்த இழுப்பில் சின்னப் பங்குதான் போல்ட்டுக்குப் போகும். தளர்ந்திருந்தா முழுசும் போகும், மறுபடி மறுபடி. அப்படித்தான் சோர்வு விரிசல் வளர்ந்து போல்ட் அறுபடுது.

துரு, பளபளப்பு, லேத்

ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் காத்துல எதுவும் துருப்பிடிக்கும். அதனால "எல்லாத்தையும் ஸ்டெயின்லெஸ் ஆக்கிடலாம்"னு ஒரு யோசனை வரும். கடையில் சாதாரணமா கிடைக்கிற ஏ2-70 ஸ்டெயின்லெஸ் சுமார் 450 மெகாபாஸ்கலில் நீள ஆரம்பிக்கும். 8.8 அளவுக்குக் கூட இல்லை. அதோட ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் ஒண்ணையொண்ணு கவ்விக்கிட்டுக் கழட்ட முடியாம சிக்கிக்கும். நம்பர் பிளேட்டுக்குப் போடுங்க. ஹெட்டுக்கு வேண்டாம்.

இன்னொரு ஆசை, பழைய போல்ட்டையே பாலிஷ் போட்டு முலாம் பூசுறது. சாதா போல்ட்டுக்குப் பிரச்சினை இல்லை. ஆனா 10.9, 12.9 மாதிரி ரொம்பக் கடினமான போல்ட்டை ஆசிடில் முக்கி மின்முலாம் பூசினா, ஹைட்ரஜன் எஃகுக்குள்ள புகுந்துடும். பூசின உடனே 200 டிகிரி சுத்துவட்டத்தில் பல மணி நேரம் சுட்டு அதை வெளியேத்தணும். அதைச் செய்யலைன்னா, இறுக்கி ரெண்டு நாள் கழிச்சு வண்டி சும்மா நிக்கிறப்போவே போல்ட் தலை தானா உதிரலாம். "12.9 போட்டா இன்னும் ஸ்ட்ராங்"னு சொல்றவங்களுக்கும் இதே பதில்தான். வடிவமைச்சவர் கேட்ட பலம் என்னவோ அதைக் குடுங்க.

சரி, கடையில் கிடைக்கலைன்னா? லேத்தில் கடையலாம். படகு எஞ்சினையும் லாரியையும் ஓட விட்டுக்கிட்டிருக்கிற பட்டறைகள் நம்ம பக்கம் இருக்கு, கைத்திறனுக்குக் குறைவில்லை. ஆனா என்ன கம்பி எடுக்கிறாங்கன்னு கேளுங்க. சாதா எம்.எஸ். ராடா, இ.என்.8-ஆ, பதப்படுத்தின இ.என்.24-ஆ? ராக்கர் கவர் ஸ்டட்டுக்கு எதுவும் ஓகே. ஹெட் ஸ்டட்டுக்குப் பதப்படுத்தின நல்ல எஃகு வேணும். ராடு போல்ட்டுக்கு லேத்தே வேண்டாம். கம்பெனி போல்ட்டில் மரையை உருட்டி அழுத்தி எடுப்பாங்க, லேத்தில் வெட்டி எடுப்பாங்க. உருட்டின மரைதான் சோர்வைத் தாங்கும். அதே காரணத்துக்காகப் புதுப்பேட்டையில் கழட்டின பழைய ராடு போல்ட்டும் வேண்டாம். அது எத்தனை லட்சம் இழுப்பு வாங்கிச்சுன்னு அதோட முகத்தில் எழுதியிருக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்க ஆகுற செலவைப் பெயிண்ட் பட்ஜெட்டில் கழிச்சுக்கோங்க.

இதில் ஒரு வேடிக்கை. உலகத்து எஞ்சின்களுக்கு போல்ட் அனுப்புற சுந்தரம் ஃபாஸ்ட்னர்ஸ் 1960-களில் தொடங்கினது இதே சென்னையில், பாடியில். போல்ட் அறிவுக்கு இந்த ஊரில் பஞ்சமே இல்லை. ஆனா அந்த உலகம் லட்சக்கணக்கில் செய்யுற ஆர்டரில் ஓடுது. நமக்கு வேண்டியது பத்து ஸ்டட். அந்தப் பத்துக்கான பொறுப்பு நம்ம தலையிலதான்.

மாட்டுறப்போ

புது போல்ட் வந்தாச்சுன்னு உடனே திருகாதீங்க. ஓட்டையைச் சுத்தம் பண்ணுங்க. கூர்மையான டேப்பை விட்டா அது அழுக்கோட சேர்த்து மரையையும் சீவும். ஒரு பழைய நல்ல போல்ட்டில் நீளவாக்கில் ஒரு வெட்டு போட்டுத் திருகி எடுத்தா அழுக்கு மட்டும் வரும். அடி மூடின ஓட்டையில் எண்ணெயோ தண்ணியோ தேங்கியிருந்தா துடைச்சு எடுத்துடுங்க. திரவம் அமுங்காது. போல்ட்டை இறுக்கினா பிளாக்தான் விரியும்.

முதல் பாதியை விரலால் திருகுங்க. விரலால் போகலைன்னா நிறுத்திட்டு மறுபடி அளந்து பாருங்க. அந்த இடத்தில் ஸ்பேனர் எடுக்கிறதுதான் எல்லாத் தப்புக்கும் ஆரம்பம். ஹெட்டை நடுவிலிருந்து வெளிப்பக்கமா, மேனுவல் சொன்ன வரிசையில், மூணு கட்டமா இறுக்குங்க. ஸ்பேனரும் சரியா இருக்கணும். 3/8 யூ.என்.எஃப். தலைக்கு 9/16 ஸ்பேனர், அதாவது 14.3 மில்லிமீட்டர். 14 உள்ளே போகாது, 15 வழுக்கித் தலையை உருண்டையாக்கும்.

"நாற்பது வருஷமா கை கணக்குதான்"

இதுக்கு எதிரா ஒரு நியாயமான வாதம் இருக்கு. "பட்டறை அண்ணன் டார்க் ரெஞ்சைத் தொட்டதே இல்லை. அவர் பூட்டின எஞ்சின் நல்லாத்தானே ஓடுது?" உண்மைதான். நகத்தை மரையில் ஓட்டியே "இது நைஸ் மரை"ன்னு சொல்ற ஆட்கள் இருக்காங்க. ரெண்டு போல்ட்டைச் சேர்த்து வெளிச்சத்தில் பிடிச்சு, இடைவெளி தெரியுதான்னு பார்த்தே பொருத்தம் சொல்வாங்க. அந்த அறிவு நம்ம கிட்ட இல்லை. ஆனா அவங்க கை பழகினது தினம் பார்க்கிற எஞ்சினுக்கு. வருஷத்துக்கு ஒரு ஹெரால்டு வந்தா, அந்தக் கைக்கும் புதுசுதான். எண்ணெய் போட்டா விசை மூணில் ஒரு பங்கு கூடும்னு கை சொல்லாது, கணக்குதான் சொல்லும்.

நம்ம நிலைமை நேர் எதிர். சூத்திரம் தெரியும். எதிரே ரெண்டு போல்ட்டை வெச்சா எது பி.எஸ்.எஃப்., எது யூ.என்.எஃப்.னு தெரியாது. வரைபட வகுப்பில் மெட்ரிக் மரையை அழகா வரைஞ்சு முழு மார்க் வாங்கினவங்கதான் நாம. அவங்க கண்ணும் நம்ம கணக்கும் ஒரே எஞ்சின் முன்னாடி நின்னாதான் வேலை சரியா முடியும்.

அதனால நம்ம டிபார்ட்மெண்ட்டுக்கும் ஆட்டோ கிளப்புக்கும் நான் கேக்குறது பெரிசா ஒண்ணும் இல்லை. ஒவ்வொரு லேப் பேட்ச்சுக்கும் 55, 60 டிகிரி ரெண்டு பிட்ச் கேஜும் இருக்கட்டும். ஒரு டப்பா நிறையக் கலந்து போட்ட பழைய போல்ட்டைக் கொட்டி, "அடையாளம் சொல்லு"ன்னு ஒரு செய்முறைத் தேர்வு வைங்க. செமஸ்டருக்கு ஒரு சனிக்கிழமை, ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ ஒரு பட்டறைக்கு டார்க் ரெஞ்சை எடுத்துட்டுப் போவோம். நூல் கணக்குல பேசுற அந்தத் தலைமுறை ஓய்வு பெறுறதுக்குள்ள அவங்க கண் பார்க்கிறதை எழுதி வாங்குவோம். கிளப்பில் எந்த எஞ்சினைப் பூட்டினாலும், எந்த இடத்தில் எந்த மரை, எந்த கிரேடு, எவ்வளவு டார்க், எண்ணெய் போட்டதா இல்லையான்னு ஒரு நோட்டில் எழுதுவோம். அடுத்த பேட்ச் அந்த ஹெட்டைத் திறக்கிறப்போ, பழைய போல்ட்டைத் தூக்கிக்கிட்டுக் கடை கடையா அலையாம, அந்த நோட்டைத் திறந்து பார்த்துக்கட்டும்.